தாமானுக்கு ஒரு கிணறு போதும்: பெஸ்தாரி ஜெயா குடியிருப்பாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும், தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளில் குடும்பம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

குழாய்த் தண்ணீர் தடைபடும் நாட்களுக்காக வீட்டுக்கு வீடு கிணறு தோண்டப் பெயர் எழுதும் தாள் என் கைக்கும் வந்து சேர்ந்தது. பின்கட்டில் உறை இறக்கி, மோட்டார் வைத்து, வீட்டுப் பைப்பில் இணைத்துக் கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. ஒரே வரிசையில் பல வீடுகள் சேர்ந்தால் விலையைக் குறைப்பார்களாம். சிலர் முன்பணம் கட்டிவிட்டார்கள், இன்னும் பலர் சம்பள நாளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பணம் கைமாறுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் தோட்டத்தில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவன். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மட்டும் டிரெசர் வேலை இல்லை. லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கிணறுகளைப் போய்ப் பார்ப்பது, மருந்து போடுவது, வயிற்றுப்போக்கு வந்த வீடுகள் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தன என்று விசாரிப்பது, எல்லாம் எங்கள் தலையில்தான் இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நம் ஊருக்குக் கிணறு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒன்று வேண்டாம். தாமானுக்கு ஒன்று, இடம் பார்த்து, மண் பார்த்து, முறையாகக் கட்டி, நான்கு பேர் பொறுப்பெடுத்துப் பராமரித்தால் போதும்.

தண்ணீர்த் தடையால் உங்களுக்கு வரும் கோபம் நியாயமான கோபம். சிலாங்கூர் ஆறு நம் ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அனுப்பும் பெரிய நிலையங்கள் நம் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஏதாவது ஒன்று நடந்தால் நம் வீட்டுக் குழாயும் காய்ந்துபோகிறது. 2014 மார்ச், ஏப்ரலில் மழை பொய்த்து அணைக்கட்டில் நீர் இறங்கியபோது இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் வெறுங்குழாய் என்று பங்கீடு நடந்தது. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்துவிட்டது என்று நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை ஒரே சமயத்தில் மூடினார்கள். சுமார் 1.2 மில்லியன் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கோவிட் நேரம் அது. கையைக் கழுவுங்கள், கையைக் கழுவுங்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கழுவத்தான் தண்ணீர் இல்லை. அடுத்த மாதமும் ஆற்றில் மறுபடி தூய்மைக்கேடு, மறுபடி தடை.

அந்தச் செப்டம்பரில் தண்ணீர் லோரி எங்கள் தெருவுக்கு இராத்திரியில்தான் வந்தது. தனியாகக் குடியிருக்கும் ஒரு பாட்டி, காலியான பெயின்ட் வாளியில் பாதி அளவுக்குப் பிடித்துக்கொண்டு, வேலிக் கம்பியைப் பற்றியபடி நின்று நின்று வீட்டுக்குப் போனார். முழு வாளியை அவரால் தூக்க முடியாது. பாதி வாளியை வைத்து அவர் சோறு வடிப்பாரா, கழிவறைக்கு ஊற்றுவாரா? இந்த மாதிரி வீடுகளை நினைத்துத்தான் நான் பொதுக் கிணறு என்கிறேன். பின்கட்டுக் கிணறு பணம் கட்ட முடிந்தவருக்கு மட்டும்தான். அந்தப் பாட்டி எந்தத் தாளிலும் பெயர் எழுதப் போவதில்லை.

சரி, முதலில் தேவையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேரிடர் காலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலகெங்கும் நிவாரணப் பணியில் இருப்பவர்கள் வைத்திருக்கும் அளவு. குடிப்பது, சமைப்பது, உடம்பைச் சுத்தம் செய்வது எல்லாம் அதற்குள் அடங்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 75 லிட்டர். நான்கு நாள் தடை என்றால் 300 லிட்டர். நல்ல நாளில் ஆளுக்கு 200 லிட்டருக்கு மேல் புழங்கிப் பழகிய நமக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் சமாளிக்கலாம். கூரைக்கு அடியில் இருக்கும் 100 கேலன் தேங்கி (தண்ணீர்த் தொட்டி) ஒன்றே 450 லிட்டர் பிடிக்கும். பழைய டேரஸ் (ஒட்டிக் கட்டிய வரிசை) வீடுகளில் அந்தத் தேங்கி துருப்பிடித்து ஒழுகுகிறது, இல்லை மிதவை பழுதாகிப் பாதிதான் நிறைகிறது. பல வீடுகளில் ஏறிப் பார்த்தே ஆண்டுக்கணக்காகிவிட்டது. கிணற்றுக்குக் கட்டும் பணத்தில் சிறு பகுதியைச் செலவழித்தால் தேங்கியை மாற்றி, பக்கத்தில் இன்னொன்றும் வைத்துவிடலாம்.

மழையையும் மறந்துவிட்டோம். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது. 20 அடிக்கு 40 அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 700 லிட்டருக்கு மேல் தண்ணீர். நம் ஊரில் சாயங்காலம் ஒரு மழை பிடித்தால் அந்த அளவு சாதாரணமாக வந்துவிடும். கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் டிரம்மில் பிடியுங்கள். வாயை நைலான் வலையால் இறுகக் கட்டுங்கள். கொசு முட்டையிட்டால் டிங்கி நம் வீட்டிலிருந்தே கிளம்பும், அபராதமும் வரும். கழிவறைக்கும் தரை கழுவுவதற்கும் இந்தத் தண்ணீர் தாராளம். 2014 மாதிரி மழையே இல்லாத மாதங்களில் டிரம் காலியாகத்தான் இருக்கும் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த மாதிரி வறட்சியில் பின்கட்டில் தோண்டிய ஆழமில்லாத கிணறும் கீழே இறங்கிவிடும். வரிசையாக எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடினால் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது செப்டிக் தேங்கி.

பழைய தாமான்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் தேங்கி புதைத்திருக்கிறார்கள். மலம் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் வெளியேறிப் போகும். தெளிந்தது என்றுதான் பெயர், கிருமி அத்தனையும் அதில் இருக்கும். தேங்கி பழையதாகிச் சுவர் விரிந்தால் மண்ணுக்குள்ளேயே கசியும். மேலே புல் பச்சையாக இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. கிணற்றுக்கும் செப்டிக் தேங்கிக்கும் நடுவே குறைந்தது 50 அடி தூரம் வேண்டும். 100 அடி இருந்தால்தான் நிம்மதியாக இருக்கலாம். நம் டேரஸ் வீட்டு மனையின் அளவு என்ன? 20 அடி அகலம், 70 அடி நீளம். பின்கட்டில் எந்த மூலையில் தோண்டினாலும் உங்கள் தேங்கி சில அடி தூரத்தில் இருக்கும். உங்களுடையதை விட்டாலும் இடது பக்கத்து வீட்டுத் தேங்கி, வலது பக்கத்துத் தேங்கி, பின்சந்துக்கு அந்தப் பக்கம் உள்ள வீட்டுத் தேங்கி எல்லாம் சுற்றி இருக்கின்றன. அளவு டேப்பை எடுத்துப் போய் நீங்களே பிடித்துப் பாருங்கள். ஒரு வீட்டில்கூட 50 அடி தேறாது. மழைக்காலத்தில் நம் பக்கம் சில அடி தோண்டினாலே தண்ணீர் தெரியும். செப்டிக் நீர் இறங்குவதும் அதே மட்டம்தான். தோண்டியதும் மூன்றாம் நாளே தண்ணீர் வந்துவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார்களே, அது எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டாமா?

கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாடையே இல்லை என்பார்கள். வாடை இல்லாத தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் ஒரு லயம் முழுக்க வயிற்றுப்போக்கில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். டைபாய்டும் காலராவும் மஞ்சள் காமாலையும் இப்படித்தான் வரும். பெரியவர்கள் எப்படியோ தேறிவிடுவார்கள். பிள்ளைகள் உடம்பில் நீர் வற்றிக் கண் குழிவிழுந்து கிடப்பதைப் பார்த்தவனுக்கு அது மறக்காது.

தோட்டத்து உறைகிணறு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். மேலிருந்து மூன்றாவது உறையும் நான்காவது உறையும் சேரும் இடத்தில் சிமெண்ட் உதிர்ந்திருந்தது. அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு பழுப்புக் கோடு. வெயில் நாளில் அது காய்ந்த கறை மாதிரிதான் இருக்கும். மழை பெய்த மறுநாள் போய் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கோடு ஈரமாகப் பளபளக்கும். இணைப்பிலிருந்து தண்ணீர் பொட்டுப் பொட்டாகக் கசிந்து உள்ளே விழும். கிணற்று மேடையில் துணி துவைத்த தண்ணீர், குழந்தைகளைக் கழுவிவிட்ட தண்ணீர், மாடு நின்ற இடத்துத் தண்ணீர் எல்லாம் மண்ணில் இறங்கி அந்த விரிசல் வழியாகத் திரும்பக் கிணற்றுக்கே வந்துகொண்டிருந்தது. உறை இணைப்புகளைப் பூசி, சுற்றிலும் சிமெண்ட் மேடை போட்டு, துவைக்கும் கல்லைத் தள்ளி வைத்து, கழிவுநீருக்கு வாய்க்கால் வெட்டிய பிறகுதான் அந்த லயத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது. மருந்து செய்யாததை ஒரு கொத்தனார் செய்தார்.

நம் வீட்டுப் பின்கட்டில் இதற்கெல்லாம் எங்கே இடம்? வாஷிங் மெஷினும் கேஸ் தோம்பும் கொடிக்கயிறும் போக மிஞ்சும் இடத்தில் உறையை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மேடையும் இருக்காது, வாய்க்காலும் இருக்காது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரைச் சுற்றி ஒரே மாதிரி மண் இல்லை. ராஜா மூசா காட்டுப் பக்கம் போனால் காம்புட், அதாவது சதுப்புக் கரிமண். அங்கே தோண்டினால் தேநீர் நிறத்தில் புளிப்புத் தண்ணீர்தான் வரும். சிமெண்ட் உறையையும் இரும்புப் பைப்பையும் அது அரித்துவிடும். அந்த மண்ணிலிருந்து தண்ணீரை இறைக்க இறைக்க நிலம் உள்வாங்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும். ராஜா மூசாவில் தீ வந்து புகை நம் வீட்டுக்குள் நுழைந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். இன்னொரு பக்கம் ஈயக்கப்பல், அதாவது வெள்ளீயம் எடுக்கும் மிதவை இயந்திரம், தோண்டிப் போட்ட நிலமும் குட்டைகளும். ஈயம் எடுத்த மண்ணில் ஆர்செனிக், காரீயம் போன்றவை இருக்க வாய்ப்புண்டு. குடிநீரில் ஆர்செனிக் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு அளவு. உலகச் சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. அந்த அளவைக் கண்ணாலும் நாக்காலும் பிடிக்க முடியாது. பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். செம்பனைக்குப் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் இறங்கும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் ஆகாது. களைக்கொல்லியும் அப்படித்தான். பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். மற்ற மருந்துகளை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம் அம்மாக்கள் சொல்வது கிருமிக்குப் பொருந்தும். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். ஆர்செனிக்கும் நைட்ரேட்டும் சாகிற பொருள் இல்லை. தண்ணீர் ஆவியாக ஆவியாக அவை இன்னும் செறிந்துதான் நிற்கும்.

இதற்காக நிலத்தடி நீரே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிளந்தான் மாநிலத்தில் குழாயில் வரும் தண்ணீரில் கணிசமான பங்கு நிலத்தடி நீர்தான். ஆனால் அங்கே அதை இறைத்து, இரும்பை நீக்கி, குளோரின் போட்டு, பரிசோதித்து அனுப்ப ஒரு நிர்வாகம் இருக்கிறது. பின்கட்டுக் கிணற்றுக்கு யார் இருக்கிறார்கள்? முதல் வருடம் ஆசையாகப் பார்த்துக்கொள்வோம். தண்ணீர்த் தடை வராத இரண்டு வருடம் போனால் மூடி உடைந்து, உள்ளே தேரை விழுந்து, கொசு மொய்க்கும். அடுத்த தடை வரும் அன்று அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் மேல் ஊற்றுவோம்.

தோண்டுகிறவர்களைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. கிணற்றுக்குள் இறங்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. உறை இறக்காமல் ஆளை ஆழத்துக்கு அனுப்பினால் மண் சரியும். அடியில் காற்று கெட்டுப்போயிருக்கும். விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம், ஆனால் எல்லா விஷவாயுவையும் விளக்கு காட்டிக்கொடுக்காது. பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீர் இறைப்பது எல்லாவற்றையும்விட மோசம். அந்தப் புகையில் இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார், மூன்றாவதாக இறங்குபவரும் திரும்பமாட்டார். வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பையன்கள். மேலே கயிறு பிடிக்க ஆள் உண்டா, காற்றை அளக்கும் கருவி உண்டா, விபத்துக் காப்புறுதி உண்டா என்று நாம்தான் கேட்க வேண்டும். நம் வீட்டுத் தண்ணீருக்காக எவர் வீட்டுப் பிள்ளையும் சாகக்கூடாது.

அப்புறம் அந்த மோட்டார் விஷயம். கிணற்று மோட்டாரைக் குழாய்த் தண்ணீர் வரும் அதே பைப்பில் இணைத்துத் தருவதாக எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து இதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தடை நேரத்தில் பொதுக் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது உங்கள் கிணற்று நீர் பின்னோக்கிப் போய்த் தெருவின் குழாயில் கலக்கலாம். தண்ணீர் திரும்பி வந்ததும் முதல் கிளாஸ் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும். சட்டமும் இதை விடாது. சிலாங்கூரில் ஆற்று நீரும் நிலத்தடி நீரும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லுவாஸ் எனும் நீர் நிர்வாக வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. மண்ணைப் பற்றியும் தோண்டுவதைப் பற்றியும் கனிமவள, புவி அறிவியல் துறையைக் கேட்க வேண்டும். கட்டுமானத்துக்கு ஊராட்சி மன்றம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக இந்த மூன்று வாசலையும் ஏறி இறங்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். சங்கம் ஒரே விண்ணப்பத்தோடு போனால் கதவு திறக்கும்.

பொதுக் கிணறு எங்கே, எப்படி என்பதற்கு என் யோசனை இது. கோயில் நிலம் விசாலமானது, சாக்கடைக்குச் சற்று உயரத்தில் இருக்கிறது. கோயில் மண்டபத்துக் கழிவறையிலிருந்து தூரத்தை அளந்து, 100 அடி தாண்டினால் அது நல்ல இடம். ஆனால் ஒன்று. தண்ணீருக்கு வரும் மலாய்க்கார, சீன அண்டை வீட்டுக்காரர்கள் கோயில் வாசலுக்குள் நுழையத் தயங்கக்கூடும். அதனால் கிணறு உள்ளே இருந்தாலும் குழாய்களை வேலிக்கு வெளியே ரோட்டோரமாக வையுங்கள். சூராவ் (சிறு தொழுகை இல்லம்) பக்கத்துத் திடலில் இதைவிட நல்ல இடம் அமைந்தால் அங்கேயே கட்டலாம். நம் காசும் அதில் சேரட்டும். தோட்டத்தில் லயத்துக் கிணறு யார் வீட்டுச் சொத்தாகவும் இருந்ததில்லை. எல்லாரும் இறைத்தோம், எல்லாரும் வரிசையில் நின்றோம்.

மேல் பத்தடிக்காவது உறை இணைப்புகளைக் கெட்டியாகப் பூச வேண்டும். இடுப்பு உயரத்துக்குச் சுவர், மேலே பூட்டுப் போட்ட கான்கிரீட் மூடி. 2021 டிசம்பர் வெள்ளத்தை மனதில் வைத்துச் சுவரை இன்னும் உயர்த்தினாலும் தப்பில்லை. வெள்ளநீர் புகுந்த கிணற்றில் எலிக்காய்ச்சல் கிருமியும் சேர்ந்து வரும். சுற்றிலும் வெளிப்பக்கம் சரிந்த சிமெண்ட் மேடை. வாளியும் கயிறும் வேண்டாம், பத்துக் கை பட்ட வாளி கிணற்றைக் கெடுக்கும். கைப்பம்பு ஒன்று கட்டாயம், மின்சாரம் போனாலும் அது ஓடும். மோட்டார் இருந்தால் நல்லது.

சுகாதார அமைச்சில் தண்ணீர், சுற்றுப்புறத் தூய்மையைக் கவனிக்கும் பாக்காஸ் பிரிவுக்குக் கிராமப்புறங்களில் சுகாதாரக் கிணறுகளைக் கட்டிக்கொடுத்த அனுபவம் உள்ளது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் போய்க் கேட்டால் வரைபடமும் ஆலோசனையும் கேட்டு வாங்கலாம். தண்ணீர்ப் பரிசோதனைக்கும் அவர்களையே முதலில் கேளுங்கள். நம் ஊரிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வாக இருக்கும், கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? தோண்டும் முன் ஒரு சோதனைத் துளையிட்டுத் தண்ணீரைப் பரிசோதித்துவிட வேண்டும். ஆர்செனிக் வந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். போட்ட காசை நினைத்துப் பின்வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

மருந்து போடும் கணக்கையும் எழுதிவிடுகிறேன், பலர் கேட்டிருக்கிறீர்கள். 3 அடி விட்டமுள்ள உறையில் 10 அடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 2,000 லிட்டர். கடையில் குளோரோக்ஸ் என்று வாங்குகிறோமே, வாசனை சேர்க்காத அந்த வெளுப்பு நீர் 5 விழுக்காடு உள்ளதாக இருந்தால் 2 லிட்டர் ஊற்ற வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, சுவரிலும் படும்படி சுற்றி ஊற்றி, பம்பில் குளோரின் வாடை வரும்வரை இறைத்துவிட்டு, 12 மணி நேரம் யாரும் தொடாமல் மூடி வையுங்கள். பிறகு வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள், ஆனால் மீன் இருக்கும் ஓடையில் விடாதீர்கள். புதுக் கிணற்றுக்கும், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும், தூர் எடுத்த கிணற்றுக்கும் இது கட்டாயம். மருந்து போட்டு முடிந்தது என்று விட்டுவிடாமல், சில நாள் கழித்துத் தண்ணீரை மறுபடி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அந்தக் கிணற்று நீரைக் கழிவறைக்கும், துவைக்கவும், பரிசோதனை நன்றாக வந்தால் குளிக்கவும் பயன்படுத்தலாம். குடிக்க வேண்டாம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக் குழாய் நீரை மூடிய தோம்பில் சேமித்து வையுங்கள். லோரி தண்ணீர் வந்தால் அதையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கழிவறைத் தேவையைக் கிணறு பார்த்துக்கொண்டால் லோரி தண்ணீர் முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் மிஞ்சும். அவசரக் கிணற்றின் உண்மையான பலன் அதுதான்.

தோட்டப் பக்கம், கம்பத்து (கிராமத்து)ப் பக்கம் அரை ஏக்கர் நிலத்தில் தனி வீடாக இருப்பவர்களுக்கு நான் சொன்ன தூரம் அமையும். அவர்கள் முறைப்படி கேட்டுத் தோண்டிக்கொள்ளட்டும். என் எதிர்ப்பு டேரஸ் வரிசையில் தோண்டுவதற்குத்தான்.

சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். பெயர் எழுதும் தாளை நிறுத்திவையுங்கள். முன்பணம் கட்டியவர்களுக்காகச் சங்கமே பேசிப் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். வேலை தொடங்காத இடத்தில் அது நியாயமான கோரிக்கை. ஏற்கெனவே தோண்டிவிட்ட வீடுகள் யாரும் பயந்து மறைக்க வேண்டாம், சொல்லுங்கள். மூடி போட்டு, குழாய் இணைப்பைத் துண்டித்து, தண்ணீரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வோம். ஒவ்வொரு தெருவிலும் செப்டிக் தேங்கிகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போடுங்கள். பையன்கள் ஒரு சனிக்கிழமை சுற்றி வந்தால் முடிந்துவிடும் வேலை. அதே சுற்றில் தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருக்கும் நோயாளிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். தடை வரும் நாளில் அந்த வீடுகளுக்கு யார் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவது என்று இப்போதே பெயர் போட்டு வையுங்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் எல்லாத் தாமானும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்போம். கிணற்றுக்கு மானியம் கேட்போம், பரிசோதனையை இலவசமாகச் செய்து தரச் சொல்வோம். ஆற்றில் கழிவு விடுகிறவர்களைக் கடுமையாகப் பிடிக்கச் சொல்லியும் அதே மனுவில் எழுதுவோம். ஆறு சுத்தமாக இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குத் தோதாக இருக்கும். அளவு டேப்போடு வந்துவிடுகிறேன். பெண்கள் கட்டாயம் வர வேண்டும். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி செலவாகிறது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர்,
பெஸ்தாரி ஜெயா